ஊர் இல்லாத தெய்வங்களைத் தராதீர்கள்

கிரேக்கத் தெய்வக் கதைகளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

பண்டைய கிரேக்கச் சமயத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது என் தொழில். கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீஸின் நடுவே, மலைகள் சூழ்ந்து கிடக்கும் ஆர்க்கேடியாவின் கோயில்களும் பலிபீடங்களும் என் ஆய்வுக் களம். என் வகுப்பில் வந்து உட்காரும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் உங்கள் புத்தகங்களைப் படித்து, அதனால் ஆசைப்பட்டு வந்தவர்கள். அந்த ஆசையை ஊட்டியவர்கள் நீங்கள்தான். அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்க என் மனத்தாங்கல்.

அந்தப் பிள்ளைகள் கொண்டுவரும் கிரேக்கத்தில் ஓர் ஊர்கூட இல்லை. ஒலிம்பஸ் என்றொரு மலை இருக்கிறது. அதன்மேல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குடும்பம். அப்பா இடி எறிவார், அம்மா பொறாமையில் வேகுவாள், பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். இவர்களை யார் கும்பிட்டார்கள், எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன படைத்து, எதை வேண்டிக்கொண்டு? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் புத்தகங்களில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. கும்பிட ஆளில்லாத தெய்வங்களை வாசகர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பன்னிரண்டு என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸின் சந்தைவெளியில் பன்னிரு தெய்வங்களுக்குப் பலிபீடம் இருந்தது உண்மை. கி.மு. 522ஐ ஒட்டி எழுப்பப்பட்டது அது. ஒலிம்பிக் போட்டி நடந்த ஒலிம்பியாவிலும் பன்னிருவர் உண்டு, இரண்டிரண்டு பேராக ஆறு பீடங்களில். ஆனால் அந்தப் பன்னிருவரில் ஒருவர் அல்ஃபியோஸ், அதாவது அந்த ஊரை ஒட்டி ஓடும் ஆறு. ஆர்ட்டெமிஸ் தேவியோடு ஒரே பீடத்தில் அந்த ஆற்றுக்கும் பலி கொடுத்தார்கள். நீங்கள் 'பழைய அரசன், மகனிடம் தோற்றவன்' என்று இரண்டு வரியில் முடித்துவிடும் குரோனோஸுக்கும் அவன் மனைவி ரேயாவுக்கும் அங்கே ஒரு பீடம். டிமீட்டருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, அஃப்ரொடைட்டிக்கும் இல்லை. ஜீயஸை எப்போதும் தாடி வைத்த, அரியணையில் அமர்ந்த பெரியவராகவே உங்கள் ஓவியர்கள் வரைகிறார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பைரியஸில் 'மெய்லிகியோஸ்' என்ற அடைமொழியோடு அவரை வணங்கியவர்கள் கல்லில் செதுக்கி வைத்ததோ உடலைச் சுருட்டித் தலை நிமிர்த்திய பெரிய பாம்பை. அதன் முன்னால் சின்ன உருவங்களாக ஒரு குடும்பம் கையை உயர்த்தி நிற்கும். இதுவும் ஜீயஸ்தான். அந்தத் துறைமுகத்து மக்களுக்கு இது வினோதமாகவே படவில்லை.

சில காலத்துக்கு முன் ஒரு பதிப்பகம் கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிய நூலொன்றின் மெய்ப்பை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. டிமீட்டர் அத்தியாயத்தைத் திறந்தேன். வழக்கமான கதை. மகள் பெர்செபோனியைப் பாதாள அரசன் தூக்கிப் போகிறான், தாய் அழுது அலைகிறாள், பயிர்கள் வாடுகின்றன, மகள் ஆறு மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் ஆண்டில் ஆறு மாதம் கீழேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. எந்த ஊரார் சொன்ன கதை, எந்தக் காலத்துக் கதை என்று ஒரு சொல் இல்லை. டிமீட்டரைப் பற்றி நம்மிடம் உள்ள பழைய துதிப்பாடலில் மகள் தின்றது ஒரே ஒரு முத்து, கீழே கழிப்பது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும்போது முத்துகள் ஏழு, ஆண்டு சரிபாதி. ஆறு முத்து என்பது இரண்டிலுமே கிடையாது.

இது சின்னத் தவறு, திருத்திவிடலாம். என்னை வருத்தியது வேறு. ஆர்க்கேடியாவின் தென்மேற்கு மூலையில் ஃபிகேலியா என்று ஓர் ஊர். அந்த ஊரார் வணங்கிய டிமீட்டருக்குப் பெயரே கறுப்பி. அவர்கள் சொன்ன கதையில் அவளுக்கு இரண்டு துயரம். ஒன்று மகளைப் பறிகொடுத்தது. மற்றொன்று, மகளைத் தேடி அலையும்போது பின்தொடர்ந்த பொசைடனிடமிருந்து தப்பப் பெட்டைக் குதிரையாக மாறியும், அவன் ஆண் குதிரையாகி அவளை வன்புணர்ந்தது. அவமானமும் ஆத்திரமும் பொறுக்காமல் கறுப்பு உடுத்து எலாயோஸ் மலைக் குகைக்குள் போய் மறைந்துகொண்டாள். பூமி விளையவில்லை, மக்கள் பசியில் செத்தார்கள், அவள் எங்கே என்று தெய்வங்களுக்கே தெரியவில்லை. மலையில் திரிந்த ஆட்டுக்கால் தெய்வம் பான்தான் அவளைக் கண்டுபிடித்து ஜீயஸிடம் சொன்னான். ஜீயஸ் விதித் தேவியரை அனுப்பினார், அவர்கள் சொல்லுக்குத்தான் அவள் இறங்கி வந்தாள். இந்தக் கதையில் மாதுளையே கிடையாது.

அந்தக் குகையில் அவளுக்கு மரத்தால் ஒரு உருவம் இருந்தது. பாறைமேல் அமர்ந்த பெண், கால்வரை கறுப்பு ஆடை, கழுத்துக்கு மேலே குதிரைத் தலை, பிடரி மயிரோடு. ஒரு கையில் டால்பின், மறு கையில் புறா. படையலில் இரத்தம் கிடையாது. திராட்சை, வளர்ப்பு மரங்களின் பழங்கள், தேனடை, இவற்றோடு ஆட்டிலிருந்து கத்தரித்துப் பிசுக்குக்கூடப் போகாத, நூற்காத கம்பளி. குகை வாசலில் உள்ள பீடத்தில் இவற்றை வைத்து மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். சடங்கைச் செய்பவள் ஒரு பூசாரிப் பெண், அவளுக்குத் துணையாகப் பலிப்பணிக்கு நியமிக்கப்பட்ட மூன்று குடிமக்களில் இளையவர்.

இத்தனையையும் நமக்குச் சொல்பவர் பௌசானியாஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து கிரேக்க நாட்டைப் பத்துப் புத்தகங்களாக எழுதி வைத்தவர். எட்டாவது புத்தகம் முழுவதும் ஆர்க்கேடியா. இந்தக் கறுப்பியைக் காண்பதற்காகவே ஃபிகேலியாவுக்கு வந்ததாக எழுதுகிறார். வந்தவருக்கு உருவம் கிடைக்கவில்லை. பழைய மரச்சிலை எப்போதோ எரிந்துபோனது. ஊரார் புதுச்சிலை வைக்காமல் திருவிழாவையும் பலியையும் அலட்சியப்படுத்த, மண் மலடானது. டெல்பிக்குப் போய்க் குறி கேட்டார்கள், தெய்வத்தின் கோபம் தணியாவிட்டால் பெற்ற பிள்ளைகளையே தின்னும் நிலை வரும் என்று குறி வந்தது. பயந்துபோய் ஏஜினாத் தீவின் சிற்பி ஓனாட்டாஸை அழைத்து வெண்கலத்தில் செய்வித்தார்கள். அவர் பழைய உருவத்தின் ஒரு நகலைப் பார்த்தும், பெரும்பகுதியைக் கனவில் கண்டும் வடித்தாராம். பௌசானியாஸ் வந்த காலத்தில் அதுவும் இல்லை. அப்படியொரு சிலை இருந்ததே ஊரில் பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. அவர் சந்தித்தவர்களில் மிக மூத்தவர் ஒருவர்தான், மூன்று தலைமுறைக்கு முன் குகையின் கூரையிலிருந்து கற்கள் விழுந்து சிலை நொறுங்கிவிட்டது என்று சொன்னார். ஆனாலும் பௌசானியாஸ் திரும்பிப் போய்விடவில்லை. உள்ளூர் வழக்கப்படியே, எதையும் அறுக்காமல், பழமும் தேனடையும் கம்பளியும் வைத்துப் படைத்தார்.

அந்த மெய்ப்பின் ஓரத்தில் இதைச் சுருக்கி எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: ஒரு தெய்வத்துக்கு ஒரு கதை போதும், இரண்டு மூன்று சொன்னால் வாசகர்கள் குழம்பிவிடுவார்கள்.

நண்பர்களே, எந்த வாசகர்கள்? குலதெய்வத்துக்குப் புராணத்தில் ஒரு கதையும், வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைக்கப் போகும் ஊரில் பூசாரி சொல்லும் வேறொரு கதையும் இருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்களா குழம்பிவிடுவார்கள்? ஒரே தெய்வம் ஓர் ஊரில் இரத்தம் கேட்கும், அடுத்த ஊரில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றுவிடும் என்பது தமிழ் வாசகருக்குப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டிய விஷயமா? ஒற்றை வேதமும் ஒற்றைக் கோட்பாடும் சமயத்துக்கு இலக்கணம் என்று பழகிய நாடுகளில் பிறந்த மாணவர்கள் இந்த இடத்தில் எவ்வளவு திணறுகிறார்கள் என்பதை நான் வகுப்பில் பார்க்கிறேன். எது சரியான கதை என்று கேட்கிறார்கள், சரியான கதை என்று ஒன்று இல்லை என்பதை ஏற்க அவர்களுக்குப் பாதிப் பருவம் ஆகிறது. உங்கள் வாசகர்கள் அந்தத் தடையை எப்போதோ தாண்டியவர்கள். அவர்களைக் குழந்தைகளாக நினைத்து நீங்கள் வடிகட்டிக் கொடுக்கிறீர்கள்.

இதைச் சொன்னவுடனே சிலர் அடுத்த தவறைச் செய்யக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். நூலின் கடைசியில் ஒரு அட்டவணை போடுகிறீர்கள்: ஜீயஸ் என்றால் இந்திரன், பொசைடன் என்றால் வருணன், இன்னார் என்றால் இன்னார். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். கறுப்பு டிமீட்டரைப் பார்த்ததும் நம் அம்மன்களில் ஒருத்தியின் பெயரை அவளுக்குச் சூட்டத் தோன்றும். சூட்டிவிட்டால் குதிரைத் தலை போய்விடும், டால்பின் போய்விடும், பிசுக்குப் போகாத கம்பளி போய்விடும். ரோமர்கள் இதைத்தான் செய்தார்கள். டிமீட்டரைத் தங்கள் சீரிஸ் என்றார்கள், ஐரோப்பா பல நூற்றாண்டு அந்தப் பெயரிலேயே அவளைப் படித்தது, கையில் கதிர்க்கட்டோடு நிற்கும் சாந்தமான ஒரு பெண்ணாக. நம் வாசகருக்குள்ள அனுபவம் அந்நியக் கதையை அதன் போக்கில் விட்டுக் கேட்பதற்கு உதவட்டும். அதை நம்முடையது என்று ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

என் துறையே இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. லூயிஸ் ஃபார்னல் 1896இல் தொடங்கி 1909 வரை கிரேக்க நகர அரசுகளின் வழிபாடுகளை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். மகத்தான உழைப்பு, ஆனால் தெய்வம் தெய்வமாகப் பிரித்த நூல். ஜீயஸுக்கு ஓர் அத்தியாயம், ஹீராவுக்கு ஓர் அத்தியாயம், அதற்குள் ஊர்கள் சிதறிக் கிடக்கும். ஓர் ஊரில் இந்தத் தெய்வங்கள் ஒன்றுக்கொன்று என்ன உறவில் இருந்தன என்பதை அதில் காண முடியாது. ஆல்பர்ட் ஷாக்டர் பியோஷியா என்ற ஒரே நிலப்பகுதியின் வழிபாடுகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதினார். ஆர்க்கேடியாவுக்கு அதைச் செய்தவர் மதலேன் ஜோஸ்ட். பாரிஸை அடுத்த நான்தேரில் கற்பித்த பிரெஞ்சுப் பேராசிரியர். அவருடைய பெருநூல் 1985இல் வந்தது. ஆர்க்கேடியாவின் ஊர்களையும் கோயில்களையும் ஒவ்வொன்றாகக் கடந்த பிறகுதான் அவர் தெய்வங்களைப் பற்றிப் பேசுகிறார். பௌசானியாஸின் எட்டாவது புத்தகத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து உரை எழுதியவரும் அவரே. பௌசானியாஸின் வாக்கியத்தை ஒரு கையிலும் மலையின் வரைபடத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுதியது போன்ற உரை. நான் இந்தத் துறைக்குள் தங்கியதற்கு அந்த இரண்டு நூல்களும் காரணம்.

ஜோஸ்டின் நூலைப் படித்தால் லைக்கோசூரா போன்ற ஒரு சிற்றூர் எவ்வளவு பெரியது என்று தெரியும். அங்கே டிமீட்டரைவிட அவள் மகளுக்குத்தான் முதலிடம். பொசைடனுக்குப் பிறந்த மகள். ஊரார் அவளைத் தலைவி என்ற பொருளில் டெஸ்பொய்னா என்றே அழைத்தார்கள். இயற்பெயரைத் தீட்சை பெறாதவர்களுக்காக எழுத அஞ்சுவதாகச் சொல்லி பௌசானியாஸ் விட்டுவிடுகிறார். கோயில் வாசலில் கல்லில் வெட்டிய விதிகள் கிடைத்திருக்கின்றன. காணிக்கையாக அன்றிப் பொன் அணிந்து வரக்கூடாது. ஊதா ஆடை, பூவேலை செய்த ஆடை, கறுப்பு ஆடை ஆகாது. செருப்பும் மோதிரமும் ஆகாது. விலக்கப்பட்டதை அணிந்து வந்தால் அதைக் கோயிலுக்கே கொடுத்துவிட வேண்டும். கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தீட்சை இல்லை. கோயிலைவிட்டு வெளியேறும் வழியில் சுவரில் ஒரு கண்ணாடி. அதில் பார்ப்பவருக்குத் தன் முகம் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. தெய்வ உருவங்களும் அரியணையும் மட்டும் தெளிவாகத் தெரியும். எல்லா வளர்ப்பு மரங்களின் பழங்களையும் ஆர்க்கேடியர்கள் அங்கே கொண்டுபோவார்கள், மாதுளையைத் தவிர. உங்கள் புத்தகங்களில் ஆறு முத்துகளாகிவிட்ட அந்த மாதுளை, இங்கே ஒரு பெண் தன் கூடையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போகும் பழமாக இருக்கிறது.

அந்தக் கோயில் கதைக்கு மட்டும் உதவவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மெகலோபொலிஸ் என்ற பெருநகரை உண்டாக்க ஆர்க்கேடியாவின் பல ஊர்களைக் கலைத்து மக்களைக் குடியேற்றினார்கள். மறுத்த ஊர்களில் லைக்கோசூராவும் ஒன்று. மறுத்த டிராப்பெசூஸ் ஊரார் பலர் உயிரிழந்தார்கள். லைக்கோசூராக்காரர்கள் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்ததால், டிமீட்டரையும் டெஸ்பொய்னாவையும் முன்னிட்டு விட்டுவிட்டார்கள். கிரேக்கச் சமயத்தில் தெய்வம் என்றால் அந்த ஊராருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

வகுப்பில் நான் கதையில் தொடங்குவதில்லை. ஏதென்ஸுக்கு வெளியே இருந்த எர்க்கியா என்ற சிற்றூரின் பலிப் பட்டியலில் தொடங்குகிறேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஐந்து பத்திகளில் எழுதியது. மாதம், நாள், இடம், தெய்வம், விலங்கு, நிபந்தனை, விலை. நான் மேலே சொன்ன ஜீயஸ் மெய்லிகியோஸுக்கு ஏதென்ஸ் நகரத்துக்கே போய் ஓர் ஆடு, உள்ளுறுப்புகளைச் சுடும்வரை மது ஊற்றக்கூடாது, விலை 12 டிராக்மா. டயோனிசஸின் தாய் செமிலிக்கு, மகனுக்குக் கொடுத்த அதே பீடத்தில், ஒரு வெள்ளாடு. அதைப் பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும், தோல் பூசாரிப் பெண்ணுக்கு, இறைச்சியை வெளியே கொண்டுபோகக் கூடாது, விலை 10. இந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்பேன். தோல் ஏன் பூசாரிக்கு என்று ஒருவர் கேட்பார். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டால் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று இன்னொருவர். 10 டிராக்மாவை யார் கொடுத்தது என்று மூன்றாமவர். அந்த மணி நேரம் முடியும்போது அவர்கள் முன்னால் ஓர் ஊர் இருக்கும். கதைகள் அதற்குப் பிறகு வரும்போது, அவற்றைச் சொன்ன வாய்களும் கூடவே வரும்.

நீங்கள் எல்லாரும் ஆய்வாளராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வேண்டுகோள் நேரானது. இனி எழுதும் ஒவ்வொரு கதையிலும் ஊரைச் சொல்லுங்கள். யார் சொன்னது, எந்த நூற்றாண்டில் சொன்னது என்று ஒரே ஒரு வரி. அதே தெய்வத்துக்கு வேறோர் ஊரில் வேறு கதை இருந்தால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் புத்தகமானாலும் ஒரு வரைபடம் போடுங்கள். ஓவியரிடம் ஒரு பீடத்தையும் அதன் முன் நிற்கும் மனிதர்களையும் வரையச் சொல்லுங்கள்.

பதிப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பௌசானியாஸின் எட்டாவது புத்தகத்தைத் தமிழில் கொண்டுவாருங்கள், சுருக்காமல், 54 அத்தியாயங்களையும். ஆங்கிலத்தின் வழியாக வேண்டாம், கிரேக்க மூலத்திலிருந்து. கிரேக்கம் படித்த ஒருவரும் நல்ல தமிழ் எழுதும் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இது நடக்கும். மூல நூலுக்கு அச்சுரிமைச் சிக்கல் கிடையாது. கோயில் விதிகளுக்கும் பலிப் பட்டியல்களுக்கும் லியேஜ் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஒரு தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தார்கள். கிரேக்க மூலமும் ஆங்கில, பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உரையும் அதில் உண்டு. நூலின் பின்னிணைப்பாகச் சேர்க்க அதிலிருந்து பத்துக் கல்வெட்டுகளைத் தேர்ந்து தமிழாக்கித் தர நான் தயாராக இருக்கிறேன். மெய்ப்புப் பார்க்கிறேன், அடிக்குறிப்புகள் எழுதுகிறேன், ஊதியம் கேட்க மாட்டேன்.

ஏன் எட்டாவது புத்தகம் என்று கேட்பீர்கள். தன் நூலைத் தொடங்கிய காலத்தில் இந்தக் கதைகளையெல்லாம் அசட்டுத்தனம் என்று நினைத்ததாகவும், ஆர்க்கேடியாவை எட்டிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டதாகவும் பௌசானியாஸ் அந்தப் புத்தகத்தில்தான் எழுதுகிறார். பழங்கால அறிவாளிகள் நேராகச் சொல்லாமல் விடுகதையாகச் சொல்லி வைத்தவை இவை என்ற முடிவுக்கு அவர் அங்கே வருகிறார். அவரை மாற்றியது ஏட்டுக் கதைகள் மட்டுமல்ல. மலையேறிப் போய் ஊராரிடம் உட்கார்ந்து கேட்டதும் சேர்ந்துதான் என்று நான் நம்புகிறேன். உங்கள் வாசகர்களுக்கும் அந்த வழி கிடைக்க வேண்டும்.

முழுப் புத்தகத்தில் ஒரேயடியாக இறங்கத் தயக்கமாக இருந்தால் 42ஆம் அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு டிமீட்டரின் அத்தியாயம் அது, ஒரு இதழில் சில பக்கங்களுக்கு மேல் போகாது. வரும் ஆண்டுக்குள் உங்களில் யாராவது ஒருவர் அதை அச்சிடுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
பண்டைய கிரேக்கச் சமயம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்